முதுகில் பெயரில்லாத சட்டைகள்

செய்தி வந்தபோது நான் பீலெஃபெல்டில், வேலை செய்யும் பாலர் பாடசாலையில், பிள்ளைகளுக்கு மழைக் காற்சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். கைபேசி மூன்றாம் முறையாக அதிர்ந்தது. எங்கள் ஆட்கள் வேலை நேரத்தில் மூன்று முறை அழைப்பு எடுத்தால் அது நல்ல செய்தியாக இருப்பதில்லை. எடுத்தது ஸ்ரெல்லா அக்காவின் மூத்த மகன். "அக்கா, அம்மா காலமை போயிட்டா. நித்திரையிலையே போயிட்டா. ஹார்ட் எண்டு சொல்லுகினம்" என்றான். நான் "ஓம், ஓம்" என்று மட்டும் சொன்னதாக நினைவு. அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பயம். இரண்டு வருடமாக அவரும் நானும் மட்டும் அறிந்திருந்த ஒன்றை இனி நான் தனியாகச் சொல்லவேண்டும் என்ற பயம். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவரை அறிந்தவர்களுக்கு முழுப்பெயர் தேவையில்லை. அறியாதவர்களுக்கு நான் சொல்லப்போவதும் இல்லை, படமும் போடவில்லை. ஏன் என்பது போகப்போக விளங்கும். மன்னாரிலிருந்து வந்தவர். வுப்பர்டாலில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவர். எங்கள் பெண்கள் உதைபந்தாட்ட அணியின் பொறுப்பாளர். நாடென்று ஒன்று வரைபடத்தில் இல்லாவிட்டாலும் எங்களுக்குத் தேசிய அணி ஒன்று இருந்தது. ஜெர்மனி, சுவிஸ், பிரான்ஸ், நோர்வே என்று சிதறிக் கிடக்கும் தமிழ்ப் பெண்களைப் பொறுக்கிச் சேர்த்த அணி. எங்களைப் போன்ற நாடில்லாதவர்களும், பெரிய சங்கங்கள் கண்டுகொள்ளாத குட்டி நாட்டவர்களும் தங்களுக்குள் நடத்தும் சுற்றுப்போட்டிகளில் ஆடுவோம். பெரும்பாலும் தோற்போம். முழங்கால் முறியும்வரை நான் அதில் ஆடினேன். முறிந்த பிறகு செயலாளர் ஆனேன்.

அக்காவுக்கு ஆட்டத்தின் விதிகள் கடைசிவரை பிடிபடவில்லை. ஓஃப்சைட் என்று கொடி உயர்ந்தால், "ஏன் மறிக்கிறான்? பிள்ளை வடிவாத்தானே ஓடினவள்" என்று கோபிப்பார். அவர் அணிக்குள் வந்ததே ஒரு பயத்தால்தான். பக்கத்து வீட்டுப் பெண்ணை முதல்நாள் பயிற்சிக்குக் கூட்டிவந்தவர், மைதான ஓரத்தில் எங்கள் பைகள் கேட்பாரற்றுக் கிடப்பதைக் கண்டார். போய் அவற்றின் நடுவில் கதிரை போட்டு இருந்தார். அதற்குப் பிறகு எழும்பவே இல்லை என்று நாங்கள் பகிடி பண்ணுவோம்.

ரயில் ஏறுமுன் ஒவ்வொருத்தியின் தலையிலும் கை வைத்து எண்ணுவார். ஏறிய பிறகு இன்னொரு முறை. ஒருதடவை வுப்பர்டால் நிலையத்தில் எங்கள் கோல்காப்பாளர் கழிப்பறைக்குப் போய்விட்டாள். அக்கா ரயில் கதவுக்கு நடுவில் போய் நின்றுகொண்டார். கதவு மூட முயன்று மூட முயன்று தோற்றது. ரயில்காரர் வந்து கத்தினார். அக்கா தனக்குத் தெரிந்த ஜெர்மன் மொழியில், பிள்ளை ஒன்று குறைகிறது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த மனிதர் இரங்கிப் போய்க் காத்திருந்தார். ஓடிவந்து ஏறிய பிள்ளைக்கு வயது இருபத்தேழு, வங்கியில் வேலை. ரயில்காரர் அவளை மேலும் கீழும் பார்த்த பார்வை இன்னும் எனக்குச் சிரிப்பைத் தருகிறது.

அவ்வளவு பயந்த ஒரு ஆளை நான் வேறெங்கும் கண்டதில்லை. உணவகத்தில் கதவுக்கு முதுகு காட்டி இருக்கமாட்டார். அரச அலுவலகத்திலிருந்து மஞ்சள் உறையில் கடிதம் வந்தால் இரண்டு நாள் குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். மகன் வந்து திறந்தால் அது பக்கத்துக் கட்டட வேலை பற்றிய அறிவிப்பாக இருக்கும். அணிப் படம் எடுக்கும்போது தண்ணீர்ப் போத்தல் எடுக்கப் போய்விடுவார். "என்ரை முகம் விழாட்டிலும் படம் படம்தான் பிள்ளை" என்பார். "உங்களை ஆரக்கா தேடப்போறான்?" என்று நான் கேட்பேன். அவர் போத்தல்களை எண்ணத் தொடங்குவார். எனக்கு எரிச்சல் வரும். நான் இந்த நாட்டில் பிறந்தவள். பயம் என்பது அவர்களுடைய தலைமுறை பெட்டியில் கட்டிக் கொண்டுவந்த பழைய சாமான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன் கோடையில், வடக்கே ஒரு சிறிய ஜெர்மன் நகரத்தில் நடந்த சுற்றுப்போட்டிக்குப் புதிய சட்டைகள் செய்வித்தோம். செய்வித்தது நான். அதுவரை எங்கள் சட்டைகளில் எண் மட்டும்தான் இருந்தது. இம்முறை தொலைக்காட்சியில் வரும் அணிகளைப்போல முதுகில் பெயரும் இருக்கட்டும் என்று, கடவுச்சீட்டுப் பட்டியலைப் பார்த்துக் குடும்பப் பெயர்களை அச்சிடக் கொடுத்தேன். போட்டிக்கு முதல்நாள் பின்னேரம் பதினெட்டுச் சட்டைகளையும் உடைமாற்றும் அறையில் கொழுவி, யாரும் இல்லாத நேரம், நானும் அக்காவும் மாறிமாறி வைத்திருக்கும் அணியின் கைபேசியில் முதுகுப் பக்கத்தைப் படமெடுத்து அணியின் இணையப் பக்கத்தில் போட்டேன். நீலமும் வெள்ளையுமாகப் பார்க்க மிக வடிவாக இருந்தது. எங்கெங்கோ இருந்த ஆட்களெல்லாம் பகிர்ந்தார்கள்.

மறுநாள் காலை, முதல் ஆட்டத்துக்கு இரண்டு மணித்தியாலம் இருக்கையில் அக்கா சட்டைகளை எடுத்துக் கொடுக்கப் போனார். போனவர் ஒன்றைக் கையில் பிடித்தபடி திரும்பி வந்தார்.

"இது ஆற்றை பேர்?"

"பிள்ளையளின்ரை பேர்தான் அக்கா."

"இது பிள்ளையளின்ரை பேரில்லை. தேப்பன்மாரின்ரை பேர்."

எனக்கு அப்போதுகூட விளங்கவில்லை. எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. இங்கே வந்தபோது படிவத்தில் அந்தக் கட்டத்தை நிரப்ப அப்பாவின் பெயரை எழுதினோம், அவ்வளவுதான். மற்ற அணிப் பெண்களின் முதுகில் ஒரு பரம்பரையின் பெயர் இருந்தது. எங்கள் பெண்களின் முதுகில் ஒரு குறிப்பிட்ட மனிதர் இருந்தார். பதினேழு பேரின் தகப்பன்மார் ஐரோப்பாவில் இருந்தார்கள், அல்லது இறந்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் ஊரில் இருந்தார்.

அவருடைய மகளைத் துளசி என்று அழைக்கிறேன். அவளுடைய பெயர் அதுவல்ல. இடது கரையில் அவளைப்போல ஓடியவள் எங்கள் அணியில் வேறு எவளும் இல்லை. தாயோடு ஜெர்மனிக்கு வந்து ஆறு வருடம். தகப்பன் வன்னியில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தார். அவரை இரண்டு தடவை புலனாய்வுக்காரர் விசாரணைக்குக் கொண்டுபோய்ப் பிறகு விட்டிருந்தார்கள். இரண்டாம் முறை திரும்பி வந்தவர் பல மாதம் வாய் திறந்து பேசவில்லை என்று துளசி ஒருமுறை சொல்லியிருந்தாள். அபூர்வமான பெயர் அவருக்கு. அந்த ஊரில் அந்தப் பெயரில் வேறொருவர் இல்லை. வரைபடத்தில் இல்லாத நாட்டின் பெயரை மார்பிலும் அவருடைய பெயரை முதுகிலும் போட்டு நான் அவளை உலகத்துக்குக் காட்டியிருந்தேன்.

"அக்கா, நாங்கள் ஜெர்மனியிலையெல்லோ நிக்கிறம்" என்றேன்.

"நாங்கள் நிக்கிறம். அந்தாள் எங்கை நிக்குது?"

நான் உடனே படத்தை அழித்தேன். அழித்தால் என்ன, பகிர்ந்தவர்களிடம் அது இருந்தது. அக்கா மைதானக் கட்டடத்துச் சமையலறைக்குப் போய் ஒரு அயன் பெட்டியும் கேக் சுடும் தட்டில் விரிக்கும் தாளும் கேட்டு வாங்கி வந்தார். தாளை எழுத்தின்மேல் வைத்துச் சூடு காட்டி, நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, ஒரே இழுவையில் உரித்தார். சலவையில் கழித்த வருடங்கள் அந்தக் கையில் இருந்தன. துளசியின் சட்டையோடு அவர் நிறுத்தவில்லை. "ஒண்டை மட்டும் உரிச்சால் அதைத்தான் பாப்பாங்கள்" என்று பதினெட்டையும் உரித்தார். விரல் நுனிகள் சிவந்து கொப்பளித்துவிட்டன. எழுத்துகள் இருந்த இடத்தில் பசையின் அடையாளம் தெரிந்தது. கிட்ட வந்தால் ஒழிய வாசிக்க ஏலாது. அன்று எங்கள் பெண்கள் எண்ணோடு மட்டும் இறங்கினார்கள்.

ஆட்டத்துக்கு முன் துளசி தகப்பனுக்கு எடுத்தாள். கைபேசி நிறுத்தப்பட்டிருந்தது. ஆட்டம் முடிந்து எடுத்தாள். மறுநாளும் எடுத்தாள். அதற்கு அடுத்த நாளும். ஊரில் அயலவர் ஒருவரைக் கேட்டபோது, கடை பூட்டிக் கிடக்கிறது, ஆளைக் காணவில்லை என்றார். ஒருவரைக் கொன்றுவிட்டு அடுத்த வேளைச் சாப்பாட்டு ஒழுங்கைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த மூன்று நாளும் நான் அப்படித்தான் நடமாடினேன். துளசி ஆடமாட்டேன் என்று சொல்லவில்லை. ஓடினாள், பந்து வரும்போது வேறெங்கோ பார்த்தாள். அக்கா அவளுக்குப் பக்கத்திலேயே இருந்தார். ஆறுதல் ஒன்றும் சொன்னதாகத் தெரியவில்லை. ஒருமுறை மட்டும், "பயமா இருந்தால் பயப்பிடு பிள்ளை. நான் பக்கத்திலை இருந்து பயப்பிடுறன்" என்று சொல்வது கேட்டது.

நான்காம் நாள் காலை வேறொரு எண்ணிலிருந்து தகப்பன் எடுத்தார். உயிரோடு இருந்தார். துளசி எங்களுக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ரெண்டு பேர் மோட்டச்சைக்கிளிலை கடைக்கு வந்தவங்களாம். காத்துப் போகாத ரயருக்குக் காத்தடிக்கச் சொன்னவங்களாம். போகேக்கை, மகள் அங்கை நல்லாப் பந்தடிக்கிறாவாம், சட்டையிலை உங்கடை பேர் வடிவா இருக்கு எண்டவங்களாம்." அவ்வளவுதான். அவர் அன்றே கடையைப் பூட்டிவிட்டு வேறு ஊரில் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டார். இன்றுவரை அந்தக் கடை திறக்கவில்லை. அந்த இருவரும் திரும்ப வரவில்லை. வரமாட்டார்கள் என்று யாரும் சொல்லவும் இல்லை.

அரை மணித்தியாலத்தில் அணியின் கைபேசிக்குத் துளசியின் அம்மா எடுத்தார். நான் ஒலியைக் கூட்டி மேசையில் வைத்தேன். அக்கா எதிரே இருந்து கொப்பளத்துக்கு மருந்து பூசிக்கொண்டிருந்தார். "ஆர் அந்தப் படத்தைப் போட்டது? எனக்கு ஆளின்ரை பேர் வேணும்" என்றார் அந்தத் தாய். நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. திரும்பவும் திறந்தேன்.

"நான்தான் தங்கச்சி" என்றார் அக்கா. "நான்தான் போட்டனான். எனக்கு உதுகள் வடிவா விளங்கிறேல்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

வாழ்க்கையில் ஒரு படத்துக்கும் முகம் கொடுக்காத மனுசி. அந்தத் தாய் பேசியதையெல்லாம் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் அதே மேசையில் இருந்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், ஏன் அக்கா என்று கேட்டேன். "நீதானே நாளைக்கும் வீடு வீடாப் போய்ப் பிள்ளையளைக் கேக்கோணும். உன்னை நம்பாட்டில் ஒரு தாயும் விடமாட்டா. நான் சட்டை தோய்க்கிறவள், எனக்கென்ன" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அவசரமில்லை, ஆறுதலா ஒருநாள் நீயே சொல்லு" என்றார். அந்த ஒருநாளை அவர் பிறகு எனக்கு ஞாபகப்படுத்தவே இல்லை. நானும் அவருக்கு மறந்துவிட்டது என்று பாவனை செய்துகொண்டேன். துளசி விளையாட்டை விட்டாள். தமிழ்க் கடையில் அக்காவைக் கண்டால் அவளுடைய அம்மா சாமான் கூடையை வைத்துவிட்டு வெளியே போய்விடுவார். விழாக்களில் மற்றப் பெண்களும் மெல்ல ஒதுங்கினார்கள். இந்த இரண்டு வருடத்தில் அக்கா ஒரு பயிற்சியும் தவறவிடவில்லை. அணிக்கு நாலு புதிய பிள்ளைகள் வந்தார்கள். அவர்களுடைய தாய்மார் என்னை நம்பித்தான் விட்டார்கள்.

நல்லடக்கத்தன்று துளசியின் அம்மா வந்திருந்தார். தேவாலயத்தின் கடைசி வாங்குக்குப் பின்னால் சுவரோடு நின்றார். நான் பக்கத்தில் போனேன். "பாவம், தெரியாமல்தான் செய்தவ" என்றார். "ஆனா அந்தப் பெட்டிக்குக் கிட்டப் போக என்னாலை ஏலாமல் கிடக்கு." சொல்வதற்கு இதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைக்கப்போவதில்லை. நான் கேட்டது, "தேத்தண்ணி குடிச்சனீங்களோ?" என்று.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அவருடைய பயம்தான். அதை மகன்மார் கேட்கவில்லை, நான் எடுத்துக்கொண்டேன். இப்போது ரயில் ஏறுமுன் தலைகளில் கை வைத்து எண்ணுகிறேன். ஒரு படத்தை அனுப்புமுன் அதில் இல்லாத ஆட்களையும் தேடிப் பார்க்கிறேன். ஆனால் அவருடைய பயம் அவரை வாயடைக்க வைத்ததில்லை. என்னுடையது வைத்தது.

துளசியின் அம்மா, இது அச்சாகி உங்கள் கைக்கு வருமுன் நான் உங்கள் வீட்டு மணியை அடித்திருப்பேன். கதவைத் திறப்பதும் திறக்காததும் உங்கள் விருப்பம். அந்தப் படத்தைப் போட்டது நான். நீங்கள் சுவரோடு நின்றது என்னால். ஒருமுறை அக்காவை அடக்கம் செய்த சேமக்காலைக்குப் போய், அன்று கிட்டப் போகாத அவருக்குக் கிட்டப் போய் நின்றுவிட்டு வாருங்கள்.