சரிவு முற்றத்தில் ஓர் இரட்டைக் கதவு

உத்திரமேரூருக்கு அருகே எங்கள் தந்தையார் விட்டுச்சென்ற மனையை இரண்டாகப் பிரித்தவன் நானே. மூத்தவன் பிரிக்க, இளையவன் முதலில் எடுப்பது எங்கள் குடும்ப வழக்கம். தம்பி சமநிலமான பாதியை எடுத்துக்கொண்டான். தெருவிலிருந்து வீட்டை நோக்கி ஏறும், கல் பாவிய சரிவு எனக்கு எஞ்சியது. பிரித்தவன் நான் என்பதால் வெளிப்படையாகக் குறை சொல்ல வழியில்லை, மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன்.

சென்ற ஆண்டு அவன் தேக்கில் இரட்டைக் கதவு அமைத்தான். தெருவில் போவோர் நின்று பார்த்தனர். எனக்குச் சோறு இறங்கவில்லை. அதே தச்சரை அழைத்து, அதனினும் உயரமாக எனக்கொன்று செய்யச் சொன்னேன்.

தச்சர் முற்றத்தைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "ஐயா, உள்ள போவப்போவ தர ஏறிக்கினு கீது. அவரோடது மாதிரி தரையோட ஒட்டி மாட்டுனா கல்லுல இடிக்கும். வெளிய தொறக்குற மாதிரி வெச்சிடலாமா?"

"வருவோரைக் கதவால் தெருவுக்குத் தள்ளுவதா?"

"அப்ப ஒரு சாண் தூக்கி மாட்டுறேன்."

"என் கதவு மட்டும் வேட்டியை மடித்துக் கட்டியவன்போல் நிற்பதா? சொன்னதைச் செய்யுங்கள்."

"இன்னாவோ போங்க. அப்பால என்னியப் பேசக்கூடாது."

என் பேத்தியைப் பெண் பார்க்க வருவோர் முன்னிலையில்தான் கதவை முதன்முதலாகத் திறக்க வேண்டும் என்றும் கட்டளையிட்டேன். அதனால் மாட்டியபின் எவரும் திறந்து பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவர்களின் மகிழுந்து வந்து நின்றது. மாலை சூட்டிய கதவை நானும் தச்சரும் உள்ளே இழுத்தோம். ஒரு முழம் நகர்ந்து, கல்லில் முட்டி நின்றுவிட்டது. தச்சர் வானத்தைப் பார்த்தார்.

தம்பி ஓடிவந்தான். "இன்னாண்ணா, புதுக் கதவுன்னா அப்டித்தான் மக்கர் பண்ணும். அவங்கள நம்ம வூட்டாண்ட கூட்டியாறேன்" என்றவன், தன் வாயில் வழியாக அவர்களை அழைத்துவந்தான். மாப்பிள்ளையின் தந்தை தம்பியின் கதவைத் தடவிப் பார்த்து, "யாரு சார் மரம் பாத்தது?" என்று வினவினார்.

"எங்கண்ணன்தான். அவரு கை வெச்சா சொத்தை இருக்காது" என்றான் தம்பி.

அது பொய், என் மானம் காக்கச் சொன்ன பொய். வந்தவர்கள் என்னை மதிப்புடன் நோக்கினர். பெண்ணும் பிடித்துப்போயிற்று. ஆனால், தன் கதவின் புகழை அத்துணை எளிதாக அவன் எனக்கு ஈந்ததை என்னால் பொறுக்க இயலவில்லை. அவன் நிலையில் நான் இருந்திருந்தால் வாய் திறந்திருக்க மாட்டேன். அதை அறிந்தமையால் என் அழுக்காறு தணியவில்லை, கூடிற்று.

மறுநாள் தச்சர் என் கதவைத் தூக்கி மாட்டினார். இப்போது திறக்கிறது, அடியில் தெருநாய்களும் புகுந்து வருகின்றன. தம்பி வெளியூர் சென்றிருக்கும் நாள்களில் அவன் வாயிலுக்குச் சென்று கதவை மெல்லத் தள்ளுகிறேன். மழைக்காலம் தொடங்கிவிட்டது. மரம் ஊறி, கீல் சற்றேனும் முனகுமா என்று செவி கொடுக்கிறேன். இதுவரை முனகவில்லை.