சுட்ட மண்ணு சேறாவுமா

பிள்ளைகளே, உங்கள் மாமா நம் வீட்டு வாசலில் நின்று, பேன்ட்டின் இடுப்பை முன்னால் இழுத்துக் காட்டிய நாள் உங்களுக்கு நினைவிருக்கும். உள்ளே இன்னொரு ஆளை நிறுத்தலாம் போல இடைவெளி. நீங்கள் இருவரும் கைதட்டிப் போட்டோ எடுத்தீர்கள். நான் டீ தம்ளரை விட்டுத் தலை நிமிரவில்லை. அப்பாவுக்குப் பொறாமை என்று நீங்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. பொறாமை கொஞ்சம்தான், எரிச்சல்தான் அதிகம். ஏன் என்று எழுதி வைக்கிறேன். எட்டாவதோடு நின்றவன் எழுத்து, பொறுத்துப் படியுங்கள்.

அரிசியைத் தொடாமல், முட்டையும் கறியும் காலிபிளவருமாக ஒரு கோடை முழுக்க ஓட்டினார் மாமா. உடம்பு இறங்கியது, சுகரும் இறங்கியது. அது பொய்யில்லை. அவ்வளவு நாள் வாயைக் கட்டியதும் லேசான காரியமில்லை. அதற்குப் பிறகு அவர் பேசிய பேச்சைத்தான் தாங்க முடியவில்லை. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைச் சோற்றைப் பார்த்து "விஷம்" என்பார். கோயில் பொங்கலை ஒரு விரலால் ஒதுக்குவார். நாங்கள் இருவரும் வேலை செய்யும் பீங்கான் பட்டறையில், சாப்பாட்டுக்கு முன் நான் சுகர் மாத்திரையைப் பிரித்தால் போதும், பொம்மைக்குச் சாயம் பூசும் பெண்களுக்குக் கேட்கும்படி, "என்னா மாப்ள, மொதல் பந்தி மாத்திரைக்கா?" என்பார். அவருடைய மாத்திரைகளை அவர் எப்போதோ சாக்கடையில் கொட்டிவிட்டார்.

உங்கள் அம்மா ஒருநாள் கேட்டாள்: "ஏண்ணே, டாக்டரு நிறுத்தச் சொன்னாரா? டெஸ்டாவது எடுக்கிறியா?"

"போடி பைத்தியம். சுட்ட மண்ணு திரும்பச் சேறாவுமா? என் ஒடம்பு சூளைக்குள்ள போயி வந்துடுச்சு."

இருபது வருஷமாகச் சூளை போடுகிறவர் பேசுகிற பேச்சா இது? சுட்ட பீங்கான் மழையில் கரையாது என்பதை வைத்துக்கொண்டு, தன் ரத்தத்துக்கும் அதே கணக்கைப் போட்டுவிட்டார். உடம்பு சாகிறவரை பச்சை மண்தான், அதைத் தினமும் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று அந்தப் பெரிய மண்டையில் உறைக்கவில்லை.

டயட்டு முடிந்தது என்று அவரே அறிவித்தார். ஜெயித்தவன் சாப்பிடலாமாம். பெண்ணாடம் ரோட்டில் கரும்புச்சாறு, ஜங்ஷன் பக்கம் பரோட்டா. பேன்ட்டு மறுபடி நிரம்பியது. உடனே வேட்டிக்கு மாறி, "வெயிலுக்கு இதாம்பா சுகம்" என்றார். எடை கொஞ்சம் ஏறுவது ஒரு குற்றமா? எல்லாருக்கும் ஏறுகிறதுதான். ஏறினதும் பயந்து, ரத்தம் கொடுத்துப் பார்த்து, மருந்தைக் கேட்டு வாங்கியிருந்தால் தீர்ந்தது. ஆனால் ஊரையெல்லாம் கேலி பேசிய வாய், எப்படிப் போய் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும்? கௌரவமாம். தூ!

எங்கள் சூளைக்குள் யாரும் செருப்போடு ஏறுவதில்லை. கற்பூரம் காட்டிப் பற்ற வைக்கிற இடம். ஆறிவிட்டதா என்று வாசலில் வெறுங்காலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவோம். ஒருநாள் நான் வைத்ததும் சுரீரென்றது, இழுத்துக்கொண்டேன். மாமா என்னைத் தள்ளிவிட்டு உள்ளே போய் நின்றார்.

"எங்க சூடு? மாத்திர தின்னு தின்னு ஒன் தோலு அப்பளமா ஆயிடுச்சு மாப்ள! நான் நிக்கிறன் பாரு!"

பெண்கள் சிரித்தார்கள். அவர் நின்றுகொண்டே பொம்மைகளை எடுத்து எடுத்துக் கொடுத்தார். சுகர் ஏறி, காலில் உணர்ச்சி செத்துப் பல நாளாகியிருக்கிறது. அதைத்தான் அவர் டயட்டு கொடுத்த பலம் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

உள்ளங்காலில் கொப்புளம் வந்ததும், அது உடைந்ததும் அவருக்குத் தெரியவில்லை. தரையில் கறை பார்த்துத்தான் அத்தை கண்டுபிடித்தாள். ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். புண் ஆறினால்தான் மீதிப் பாதம் தங்கும் என்று டாக்டர் கையை விரித்தார். நான் பார்க்கப் போனபோது, மாமா பக்கத்துக் கட்டில்காரரின் இட்லியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்: "அரிசி சார் அது. விஷம்." அந்தக் கட்டிலிலேயே அவரை ஓங்கி ஓர் அறை விட்டால் என்ன என்று இருந்தது. அப்புறம் என் பக்கம் திரும்பி, மெதுவாக, "மாப்ள, நெசமாவே சூடு தெரியல" என்றார். போர்வையை இழுத்து அந்தக் காலை மூடிவிட்டு வந்தேன்.

வீட்டில் அப்போது யாரும் இல்லை. ஷேவிங் கண்ணாடியைத் தரையில் வைத்து, என் உள்ளங்காலை அதில் பார்த்தேன். பிறகு துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு விரலாகக் குத்திப் பார்த்தேன். சுண்டு விரலில் மட்டும் இன்னொரு தடவை குத்த வேண்டியிருந்தது.