ஆவி கேட்ட ஸ்டெல்லா

புதுவாயல் கூட்டுரோட்டில் டீ சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தபோது கமலாவின் போன் வந்தது. கமலா எங்கள் கம்பெனி கேன்டீனில் ஸ்டெல்லாவோடு மாவரைத்தவள். லாரிச் சத்தத்தில் அவள் பேச்சு பாதிதான் காதில் விழுந்தது.

"அண்ணே, ஸ்டெல்லாக்காவுக்கு ஆவி போயிடுச்சுண்ணே."

"எந்த லைன்ல?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் அழுகைச் சத்தம். பாய்லரை விட்டு வந்து எத்தனையோ வருஷம் ஆகியும், ஸ்டெல்லா, ஆவி என்ற இரண்டு சொல்லும் சேர்ந்து காதில் விழுந்தால் என் கை வால்வைத்தான் தேடுகிறது. வந்த டீ அப்படியே ஆறிப்போனது.

கம்பெனிப் பிள்ளைகளே, நம்மோடு வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராகப் போகும்போதும், "மாமா, அஞ்சலி நீ எழுதிக் குடு, நீதான் நல்லா எழுதுவே" என்று என்னிடம்தான் வருகிறீர்கள். அதில் பொய்யில்லை. எட்டாவது வரைதான் படித்தேன் என்றாலும் என் கையெழுத்தைப் பார்க்கப் பக்கத்து ஊர் வாத்தியார்களெல்லாம் சைக்கிள் போட்டுக்கொண்டு வருவார்கள். ஆனால் இப்போதெல்லாம் பேனாவை எடுத்தாலே அசதியாக இருக்கிறது. ஒரு காலத்தில் கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம் எழுதிக் கொடுத்தவன் நான். இப்போது எனக்கு வருகிற வேலையெல்லாம் இது ஒன்றுதான்.

அவளை அறியாத புதுப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். கும்மிடிப்பூண்டியில் எங்கள் கம்பெனியில் நான் பாய்லர் ஆள், ஸ்டெல்லா கேன்டீன் தலைமைச் சமையல்காரி. பாய்லரில் கரியை எரித்து நான் நீராவி எடுப்பேன். பெரும்பங்கு மிஷின்களுக்குப் போகும். ஒரு சின்னக் குழாய் மட்டும் பிரிந்து கேன்டீனுக்குப் போகும். அந்தக் குழாயில்தான் மொத்த ஷிப்டுக்கும் இட்லியும் சோறும் வெந்தது. நாங்கள் எல்லோரும் அதை ஸ்டீம் என்போம். ஸ்டெல்லா மட்டும் ஆவி என்பாள். பைபிள் படிக்கிறவள். அவளுக்கு அதுதான் வாயில் வரும். விடியற்காலையில் கேன்டீன் ஜன்னல் வழியாக, "அண்ணே, ஆவி அனுப்பு!" என்று ஒரு குரல் கொடுப்பாள். பாய்லர் இரைச்சலையும் தாண்டி வரும்.

ஒருமுறை புதிதாகச் சேர்ந்த வாட்ச்மேன் அந்தக் குரலைக் கேட்டுப் பயந்து ஓடிவிட்டான். அவனைப் புதுவாயலில் போய்ப் பிடித்து, விபூதி பூசி அழைத்து வந்தோம். இதை நான் கேன்டீனில் சொல்லிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து கரண்டியோடு வந்தாள்.

"இன்னாண்ணே, கேட் ஆண்டதானே நின்னுகினு இருந்தான்? அவன் எப்ப புதுவாயலு போனான்?"

"நீ பாக்கல ஸ்டெல்லா."

"நானு பாக்கல, நீ மட்டும் பாத்தே. வால்வ மூடுண்ணே!"

ஆவி அதிகமாகிப் பாத்திரம் பொங்கினால் அவள் கத்துகிற கத்தல் அது. அன்றிலிருந்து என் பேச்சு பொங்கினாலும் அதையே கத்த ஆரம்பித்தாள். சாப்பிடுகிற கூட்டம் முழுக்கச் சிரிக்கும். என்னைப் பார்த்து அப்படிச் சொல்ல அந்தக் கம்பெனியில் வேறு யாருக்கும் தைரியம் கிடையாது.

கரி அவளுக்கு ஆகாது. லாரி வந்து கரி கொட்டுகிற நாளில் இட்லித் துணி காயப்போட முடியாது, எல்லாம் கறுத்துப்போகும். "ஊரு உலகத்துல வெள்ளையா இட்லி, நம்ம கேன்டீன்ல மட்டும் கேவுரு இட்லியான்னு கேக்கறானுங்க. பேஜாரா கீதுண்ணே" என்பாள். எனக்குக் கரியின் மேல் ஒரு மரியாதை உண்டு. ஒரு கைப்பிடியை மோந்து பார்த்தே எந்த ஊர்ச் சுரங்கம் என்று சொல்லிவிடுவேன். அதைச் சொன்னபோதும் வால்வை மூடச் சொன்னாள்.

ஒருநாள் எரிசக்தி பற்றிக் கூட்டம் போட்டார்கள். வந்த அதிகாரி, நிலக்கரியும் டீசலும் புதுப்பிக்க முடியாதவை, வெயிலும் காற்றும் உமி மாதிரிப் பொருள்களும் புதுப்பிக்கத்தக்கவை என்று படம் போட்டு விளக்கினார். நான் எழுந்தேன். "சார், பாய்லருக்கு வருஷா வருஷம் லைசன்ஸ் புதுப்பிக்கிறோம். அதுக்கே உயிர் போவுது. வெயிலுக்கும் புதுப்பிக்கணும்னா திருவள்ளூர் ஆபீசா, மெட்ராஸ் ஆபீசா?" அதிகாரிக்கு எவ்வளவு தெரிகிறது என்று பார்க்கத்தான் கேட்டேன். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். டீ கொடுக்க வந்த ஸ்டெல்லா தட்டைக் கீழே வைத்தாள்.

"இன்னாத்துக்கு சிரிக்கிறீங்க? அண்ணன் கேட்டதுல இன்னா தப்பு? நேத்து எரிச்ச கரி இன்னிக்கு வராது, சாம்பலாப் பூடுச்சு. நேத்து அடிச்ச வெயிலு இன்னிக்கும் வந்துகினுதான் கீது. அதப் புதுப்பிக்கிறவரு ஆபீஸு மேல கீது, லஞ்சம் வாங்கறதில்ல. டீ ஆறுது, எடுத்துக்கோங்க."

அதற்குப் பிறகு அதிகாரி தன் படங்களை மடித்துவைத்துவிட்டார் என்று எழுதத்தான் ஆசை. மடிக்கவில்லை. டீயைக் குடித்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார்.

அப்புறம்தான் அந்த இடி விழுந்தது. கரி பாய்லரை நிறுத்தப்போகிறோம், மிஷின்களெல்லாம் இனிமேல் கரண்டிலேயே ஓடும் என்றார்கள். எனக்குக் கம்ப்ரசர் பக்கம் வேலை கொடுத்துவிட்டார்கள். ஆனால் பாய்லர் இல்லையென்றால் கேன்டீனுக்கு ஆவி இல்லை. மேனேஜர், "தேர்வாய் கண்டிகை பக்கம் ஒரு காண்டிராக்டர் இருக்கிறார், சாப்பாட்டை வேனில் அனுப்பிவிடுவார். கேன்டீனை மூடிவிடலாம்" என்றார். மூடினால் ஸ்டெல்லா, கமலா, பாத்திரம் தேய்த்த பெண்கள் என எல்லோருக்கும் அன்றோடு வேலை போயிற்று. ஸ்டெல்லாவுக்கு வீட்டுக்காரர் இல்லை. மகள் நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தாள்.

கையில் இருந்த மாவு காயும் முன்பே மேனேஜர் அறைக்குப் போய் நின்றாள். துணைக்கு நானும் போனேன்.

"சார், கெஸ்ட் ஹவுஸ் மேல சுடுதண்ணி சோலார் ஒண்ணு சும்மா கெடக்குது. இந்த ஊரு வெயில்ல எந்த ஆபீசரு சார் சுடுதண்ணில குளிக்கிறாரு? அத எனக்குக் குடுங்க. ஒரு வாரம் பாய்லரு ஆவி இல்லாம சமைச்சுக் காட்டறேன். ஒரு நாளு, ஒரு ஆளு பசியோட போனாலும் நானே சாவிய வச்சிட்டுப் போறேன்."

மேனேஜர் ஒத்துக்கொண்டார். நான் பின்னால் நின்று முறைத்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அவள் கணக்கு இதுதான். பகல் வெயிலில் சூடேறிய தண்ணீர் தொட்டியிலேயே ஆறாமல் கிடக்கும். காலையில் அதைப் பிடித்து அடுப்பில் ஏற்றினால் கொதிக்கக் கொஞ்ச நேரம்தான். அந்தக் கொஞ்ச நேரத்துக்கு உமி அடுப்பு. தகர டிரம்முக்கு நடுவில் குழவியை நிறுத்தி, சுற்றிலும் உமியை இடித்து இடித்து நிரப்பி, குழவியை உருவினால் நடுவில் ஓட்டை. அதில் நெருப்பு வைத்தால் நின்று எரியும். இடிக்கிற வேலை என்னுடையது. உமி என் மச்சான் ரைஸ் மில்லிலிருந்து வந்தது. அதில் எங்கள் நிலத்து நெல்லின் உமியும் இருந்தது. அந்த நிலத்தில் ஸ்டெல்லாவின் அம்மா நாற்று நட்டவர். எங்கள் வீட்டில் அவருக்குத் தனிச் சொம்பு. ஒரு மூட்டையைப் பிரிக்கும்போது ஸ்டெல்லா ஒரு கை அள்ளிப் பார்த்தாள். "எங்கம்மா நட்டதுல எனக்கு உமியாவது வந்துச்சே" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதல் நாட்கள் வெயில் கொளுத்தியது. "நேத்து வெயில்ல இன்னிக்கு இட்லி!" என்று தட்டில் போட்டுக் கொடுத்தாள். வாரத்தின் கடைசி நாளுக்கு முந்தின நாள் வெயிலே இல்லை, சாயங்காலம் கடல் பக்கமிருந்து ஈரக்காற்று வந்தது. உமி மூட்டைகள் வெளியில் கிடந்தன.

"மழையெல்லாம் வராது ஸ்டெல்லா. எங்க பரம்பரையே வானத்தப் பாத்து வெள்ளாமை பண்ணது."

"வால்வ மூடுண்ணே, மூட்டையத் தூக்கு!"

அவள் எவ்வளவு உஷாராக இருக்கிறாள் என்று பார்க்கத்தான் சொன்னேன். காலியாகக் கிடந்த கரிக் கொட்டகைக்கு எல்லோருமாக மூட்டைகளைச் சுமந்தோம். கமலாவே மூன்று மூட்டை தூக்கினாள். விடிவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தொட்டித் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. இருந்த டிரம் எல்லாவற்றிலும் உமி நிரப்பி மூட்டினோம். வெளியே நனைந்தபடி ஷிப்டு ஆட்கள் வந்து நின்றார்கள். அவர்களோடு குடை பிடித்துக்கொண்டு மேனேஜர். கொப்பரை மூடியையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஸ்டெல்லாவின் உதடு மட்டும் ஜெபத்தில் அசைந்தது. நான் இன்னொரு மூட்டை உமி எடுக்கக் கொட்டகைப் பக்கம் போனேன்.

அப்போது அந்த ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "அண்ணே! ஆவி வந்துடுச்சு!"

அத்தனை வருஷமாக என்னிடம் கேட்டவள், அன்றைக்கு எனக்குச் சொன்னாள். ஒருவரும் பசியோடு போகவில்லை. மேனேஜர் சாப்பிட்டுவிட்டு, "சட்னியில் காரம் கொஞ்சம் அதிகம்" என்றார். கேன்டீனை மூடுகிற பேச்சு அதோடு நின்றது. மகள் படிப்பை முடித்தாள். கமலா இன்றும் அங்கேதான் வேலை செய்கிறாள். இப்போது கூரை முழுக்கச் சோலார் பலகைகள். சத்தமில்லை, சாம்பலில்லை. யாரும் யாரையும் கூப்பிட வேண்டிய தேவையும் இல்லை. நல்லதுதான். ஆனாலும் அந்த ஜன்னலைத் தாண்டிப் போகும்போது ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் போகிறேன்.

அடக்கத்தில் என்னை நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். ஆரம்பித்தேன். மழை நாளைச் சொன்னேன். புயல் என்றேன். கொட்டகை பறந்தது என்றேன். மூட்டைகளை நான் ஒருவனாகவே சுமந்தேன் என்றேன். எல்லோரும் தலை குனிந்து, மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கமலாகூட ஒன்றும் சொல்லவில்லை. நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். எந்தப் பக்கமிருந்தும் அந்தக் குரல் வரவில்லை. அங்கேதான் எனக்கு அழுகை வந்தது. அதுவரை வரவில்லை.

அவளிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது 'வால்வ மூடுண்ணே' என்கிற அந்த ஒரு வார்த்தைதான். இதை எழுதும்போதும் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தாள். புயல் என்று எழுதி, அடித்து, மழை என்று மாற்றினேன். கொட்டகை பறக்கவில்லை. மூட்டைகளை எல்லோரும்தான் தூக்கினோம். அந்த வாட்ச்மேனும் கேட் வரைக்கும்தான் ஓடினான்.

இன்னும் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. வேண்டாம் ஸ்டெல்லா, நீ கத்த வேண்டாம். நானே மூடிக்கொள்கிறேன்.