இடப்பக்கத்து இருக்கை

என் மச்சான் ஜவாஹிர் எதையும் முடிவெடுக்கத் தெரியாத மனிதர். சந்தைக்குக் கத்தரிக்காய் வாங்கப் போனாலும் வெறும் பையோடு திரும்பி வருவார். அப்படிப்பட்டவரிடம், திருகோணமலை நகரத்தில் சாரதிப் பாடசாலை நடத்திய கனகரத்தினம் வந்து, கண்டிக்குப் போய் வாகனம் ஓட்டப் பழக்குபவருக்கான பயிற்சியை எடுங்கள், முடித்துக்கொண்டு வந்தால் என்னிடமே வேலை என்று சொன்னால் என்ன நடக்கும்? மாதக்கணக்கில் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எப்போதும் அப்படி இருந்தவரல்ல. வெள்ளைக்காரர் காலத்தில் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளுக்கிடையே லொறி ஓட்டியவர். கனகரத்தினம் அங்கே அவரோடு வேலை செய்தவர். பிறகு ஜவாஹிர் எங்கள் ஊர் குறிஞ்சாக்கேணியில் சொந்தமாக லொறி வைத்து நெல் ஏற்றினார், என் தங்கை நஜ்முன் நிஸாவைக் கட்டினார். அந்த லொறியில்தான் அவளைச் சாகக் கொடுத்தார்.

எங்கள் பக்கத்துக்கும் நகரத்துக்கும் நடுவே தண்ணீர். பாலம் கிடையாது. வாகனத்தை, நாங்கள் பாதை என்று சொல்லும் பெரிய மிதவையில் ஏற்றித்தான் அக்கரை சேர்க்க வேண்டும். ஏற்றும்போது மற்ற எல்லோரும் இறங்கிவிடுவார்கள். சாரதி மட்டும் தன் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மெல்ல ஏற்றுவார். சறுக்கினால் குதிக்க வேண்டுமே. வாகனம் ஓடப் பழகும்போதே அதையும் பழகிவிடுவார்கள்.

அன்று மாரி மழை. தங்கைக்குக் கடும் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். துறையில் அவள் இறங்கத்தான் போனாளாம். காய்ச்சலோடு நனையாதே, இரு என்று இவர்தான் தடுத்தார். ஈரப் பலகையில் சில்லு சறுக்கி லொறி தண்ணீருக்குள் போய்விட்டது. தண்ணீர் தன்னை வெளியே எடுத்துப் போட்டதாகவும், திரும்ப மூழ்கி அவளுடைய கதவைப் பிடித்து இழுத்ததாகவும் அழுது அழுது சொன்னார். அந்தச் சொல்லை நம்பித்தான் அவரைக் குடும்பத்தில் வைத்திருந்தோம்.

அதன்பிறகு அவர் ஸ்டீரிங்கைத் தொடவில்லை. நெல் ஆலையில் சாக்குத் தைத்தார். யாரோடும் கதை இல்லை. விபத்தின்போது தவழ்ந்து திரிந்த மகள் றம்ஸியா என் வீட்டில் வளர்ந்து ஆளாகி, எழுபத்தெட்டாம் ஆண்டில் வாப்பாவோடு போய் இருந்தாள். கனகரத்தினம் சொன்ன வேலையை அவள்தான் பிடித்துக்கொண்டு நின்றாள். இதுவும் தவறினால் வாப்பா ஆலைத் தூசிக்குள்ளேயே முடிந்துபோவார் என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

கனகரத்தினம் மறுபடியும் வந்தார்.

“நீங்கள் கார் ஓடத் தேவையில்லை, ஜவாஹிர். இடப்பக்கத்தில சும்மா இருந்தால் காணும். உங்கட காலடியிலயும் ஒரு பிறேக் கிடக்கும்.”

அந்தப் பிறேக்தான் மச்சானை அசைத்தது. பயிற்சிக்குப் போக முன் ஒரு நாள் காரில் இருந்து பார்க்கிறேன் என்றார். றம்ஸியாவுக்கு அது போதும். அன்றைக்கே இரண்டு சேட்டுகளைத் தோய்த்து, இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி, கண்டிக்கென்று பையில் அடுக்கிவிட்டாள்.

அவர் போய்வந்த அன்று பின்னேரம் விசாரிக்கப் போனேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தார். கேட்கக் கேட்கத்தான் சொன்னார். பழக வந்தவள் தங்கேஸ்வரி என்ற ஆஸ்பத்திரித் தாதி. காலையில் எல்லாம் நன்றாகவே நடந்திருக்கிறது. பிறகு துறைமுகத்தை நோக்கி இறங்கும் வீதியில், முன்னால் கடல் தெரிய, அவள் பிறேக்கைத் தேடித் தடுமாறியிருக்கிறாள். கார் வேகம் பிடித்திருக்கிறது.

“கால் பிறேக்குக்குப் போகல்ல, மச்சான். கை கதவுக்குப் போயிட்டு.”

நினைவு வந்தபோது அவர் வீதியில் நின்றாராம். கார் அந்தப் பெண்ணோடு தனியே பள்ளம் இறங்கிப் போய்க்கொண்டிருந்ததாம். அவளுடைய பின்தலை கண்ணாடிக்குள் தெரிந்ததாம். எப்படியோ மதில் ஓரத்தில் உரசி நிறுத்திவிட்டாள், காயம் ஒன்றுமில்லை. இறங்கி வந்து, கோபமே இல்லாமல், ஏன் ஐயா என்னை விட்டிட்டு இறங்கினீங்கள் என்று கேட்டிருக்கிறாள்.

இதைச் சொல்லிவிட்டு அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்டைக்குத் துறையிலயும் தண்ணி என்னை எடுத்துப் போடல்ல. நான்தான் இறங்கினனான்.”

அவருடைய தாடையை உடைக்க வேண்டும் போலிருந்தது. கை எழவில்லை. தண்ணீர் ஆளை எடுத்துப் போடாது என்று அந்தக் கரையில் வளர்ந்த எனக்குத் தெரியாதா? தங்கச்சியின் பிள்ளைக்கு ஒரு வாப்பா வேண்டும் என்பதற்காக அவர் சொன்னதை நம்பிக்கொண்டேன். அவளுடைய கதவைப் பிடித்து இழுத்ததாவது உண்மையா என்று கேட்டேன்.

“இழுத்தனான். அது பொய்யில்ல. பிந்திப் போச்சு.”

அப்போதுதான் குசினி வாசலில் றம்ஸியா தேத்தண்ணியோடு நிற்பதைக் கண்டேன். எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. இரண்டு கோப்பையையும் எங்கள் முன்னால் வைத்தாள். அறைக்குள் போய், கண்டிக்கென்று அடுக்கிய சேட்டுகளைப் பையிலிருந்து எடுத்து, அலுமாரிக்குள் திரும்ப வைத்தாள்.

அலுமாரிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஜவாஹிர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கண்டிக்குப் போகிறீர்களா, இல்லையா என்று அதன்பிறகு யாரும் அவரிடம் கேட்கவில்லை.