கண்ணாடி பார்த்துக் கீறிய முகம்

இப்போதும் என் முகத்தை நானே வரைய உட்கார்ந்தால், புருவத் தழும்பு எந்தப் பக்கம் என்று தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் தூரிகையை எடுப்பேன். அதற்கு நான் இரண்டு பேருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஒருவர் அம்மா. மற்றவர் சின்னம்மா, அவருக்குச் சொன்னால் அடிக்க வருவார்.

அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனபோது எனக்கு நாலு வயது. சின்னம்மாதான் வளர்த்தார். அடிக்கடி என் படத்தை அம்மாவுக்கு அனுப்புவார். ஆனால் உள்ளபடி அனுப்ப அவருக்கு மனம் வராது. "பிள்ளையக் கறுக்க விட்டுட்டன் எண்டு அக்கா நினைப்பா" என்று, கைபேசியிலேயே என்னை வெள்ளையாக்கி, கன்னத்தை வழவழப்பாக்கி அனுப்பிவைப்பார். வாவி வெயிலில் அப்பாவின் தோணியே கதியென்று கிடந்த எனக்கு அந்தப் படத்துப் பிள்ளை யாரென்றே தெரியாது.

அம்மா வரப்போகிறார் என்றதும் வீடே குதூகலித்தது. எனக்கு மட்டும் பயமாக இருந்தது. அம்மாவுக்குத் தெரிந்தது அந்த வெள்ளைப் பிள்ளையைத்தானே? வந்து பார்த்துவிட்டு, இது என் பிள்ளை இல்லை என்றுவிட்டால்?

அப்பா சவரம் செய்யும் கண்ணாடியை யன்னலில் சாத்திவைத்து ஒரு தாளில் என் முகத்தைப் படமாகக் கீறத் தொடங்கினேன். மண்ணிறத்தோடு கறுப்பைக் குழைத்தேன். தோணி விளிம்பு கிழித்த புருவம், கொப்புளிப்பான் அம்மை விட்டுப்போன குழிகள், பாதி உடைந்த முன்பல், ஒன்றையும் விடவில்லை. சின்னம்மா தலையில் அடித்துக்கொண்டார். "என்ட மானத்த வாங்கவா இதக் கீறி வச்சிருக்காய்?"

அம்மாவை ஏற்றிவந்த வான் வண்டி வாசலுக்கு வந்ததும் படத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். பிடித்த பிடியில் என் முகமே மறைந்துவிட்டது. அம்மாதான் தாளை மெல்லக் கீழே இறக்கினார். என்னைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். பிறகு என் புருவத்தில் விரலை வைத்தார்.

"இது எப்ப?"

"தோணியில விழுந்த."

விரல் கன்னத்துக் குழிக்கு இறங்கியது. "மறுகா இது?"

"கொப்புளிப்பான்."

பல்லைப் பற்றியும் கேட்டார். சின்னம்மா அந்தப் பக்கம் திரும்பி நின்று மூக்கை உறிஞ்சினார். நான் பரீட்சைக்குப் பதில் சொல்வதுபோல் ஒவ்வொன்றாக ஒப்புவித்தேன். அம்மா திரும்பவும் என்னையும் படத்தையும் மாறிமாறிப் பார்த்தார். அவருடைய கண் நிறைந்திருந்தது.

"தழும்பு மற்றப் பக்கமெல்லோ, மகள்?"

கண்ணாடியில் தெரிந்த பக்கத்திலேயே அதைக் கீறியிருந்தேன். அன்று முழுக்க நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு பாடுபட்டுக் கீறிய படத்தை ஒரு வார்த்தை நல்லதென்று சொல்லவில்லை, பிழைதான் பிடித்தார் என்று ஆத்திரம். கூடவே இருந்தவர்கள் ஒருவருக்கும் தெரியாத பிழை அது. அதைக் கண்டுபிடிக்க என் முகத்தை எப்படிப் பார்த்திருக்க வேண்டும் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.