பூட்டிய கேள்விக்கு ஒரு மறுமொழி

போன வருடம் லினக்ஸைப் புதுப்பித்தவுடன் என் மடிக்கணினியில் வைஃபை செத்துப்போனது. நம் தமிழ் லினக்ஸ் குழுவில் உதவி கேட்டேன். நெறியாளர் தம்பி, "கேட்க முதல் தேடிப் பாருங்கோ" என்று எழுதிவிட்டு, யாரும் பதில் போட முடியாதபடி என் கேள்வியைப் பூட்டிவிட்டார்.

தனியே மல்லுக்கட்டிச் சரிசெய்தேன். அவர் எழுதியதன் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் பத்திரமாக வைத்திருந்தேன்.

இன்று நான் மன்னாரில் ஏறிய பேருந்து பாலத்தைத் தாண்டும்போது அவரிடமிருந்தே அழைப்பு.

"அண்ணை, வெள்ளாங்குளத்தில நிக்கிறன். நாளைக்குப் பிள்ளையளுக்கு லினக்ஸ் வகுப்பு. எல்லா மடிக்கணினியையும் அப்டேட் பண்ணினனான், ஒண்டிலயும் வைஃபை வேலை செய்யேல்ல."

"தேடிப் பாத்தனீங்களோ?"



"பாத்தனான். உங்கட கேள்வி மட்டும்தான் வருது. மறுமொழி இல்லை."

"மறுமொழி என்னட்ட இருக்கு. போட விட்டாத்தானே?"

"எனக்குத் தனியாச் சொல்லுங்கோவன் அண்ணை."

"அதெப்படித் தம்பி? குழுவில கேட்டதுக்குக் குழுவிலதான் மறுமொழி. பூட்டைத் திறவுங்கோ."

பேருந்து உயிலங்குளம் வருமுன் திறந்துவிட்டார். இரண்டு வரிக் கட்டளைதான், போட்டேன். சற்று நேரத்தில் அதன் கீழேயே எல்லாரும் பார்க்க எழுதினார்: "வேலை செய்யுது. நன்றி அண்ணை. மன்னியுங்கோ."

நான் தனியே சிரித்ததைப் பார்த்துப் பக்கத்து இருக்கைக்காரர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

பழைய ஸ்கிரீன்ஷாட்டை அழித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். இந்த நன்றியையும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

உங்கள் கேள்வியைப் பூட்டியவர் யார்? கீழே எழுதுங்கள், இங்கே பூட்டு இல்லை.