கேட்காமல் விட்ட வீடுகள்

ஜனாதிபதித் தேர்தல் முடிந்த மறுநாளும் ராஜராணி வேலைக்குப் போனாள். ஐசலினில் ஒரு பல் மருத்துவரின் முன்மேசை அவளுடையது. வந்தவர்களுக்குப் பெயர் பதிவதும், காப்புறுதிக் கம்பனிக்காரரோடு தொலைபேசியில் மல்லுக்கட்டுவதும் அவள் வேலை. காத்திருப்பு அறையின் தொலைக்காட்சியை மருத்துவரே சமையல் நிகழ்ச்சிக்கு மாற்றி வைத்திருந்தார். உள்ளே போனவர்கள் வாயைத் திறந்துகொண்டு கிடந்தார்கள், வெளியே வந்தவர்களுக்கு வாய் மரத்திருந்தது. தோல்வியைப் பற்றி ஒருவரோடும் பேசாமலே பொழுது கழிந்தது.

வீட்டில் அப்படித் தப்ப முடியவில்லை. கணவர் நகுலேஸ்வரன் மருந்துக் கம்பனியின் களஞ்சியத்தில் தரம் பார்ப்பவர். குளிர்சாதனப் பெட்டிக்குள் தலையை விட்டபடியே கேட்டார்.

"என்ன, உம்மட கட்சி கவிண்டு போச்சாம்?"

"உங்கட கட்சியும் அதுதானே."

"எனக்கு எந்தக் கட்சி? நீர்தான் பட்ஜ் குத்திக்கொண்டு திரியிறனீர்."

அவர் சொன்னதில் பொய்யில்லை. கட்சியின் உள்ளூர்க் கிளையில் அவர்கள் குடியிருந்த நாலைந்து தெருக்களுக்கு ராஜராணிதான் பொறுப்பு. சம்பளமில்லாத பதவி. மகள் நிலக்சி பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் பள்ளிப் பேருந்து நிற்கும் இடத்தை மாற்றச் சொல்லி அலைந்தபோது, அந்தக் கிளையின் தலைவர் டென்னிஸ்தான் கூடவே வந்து அதிகாரிகளிடம் பேசினார். ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர், ஐரிஷ்காரர். "நீங்கள் நன்றாகக் கதவு தட்டுவீர்கள்" என்று அப்போதே சொன்னார். அதிலிருந்து ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும், மகள் பல்கலைக்கழகம் போய்விட்ட பிறகும், சனிக்கிழமைகளில் அவள் கதவு தட்டினாள்.

கட்சி கொடுத்த செயலியில் தெருவும் வீட்டு எண்ணும் வரும். கதவைத் தட்ட வேண்டும், யாருக்கு ஓட்டு என்று கேட்க வேண்டும், பதிலைக் குறிக்க வேண்டும். உறுதியாக நம் பக்கம், ஊசலாட்டம், எதிர்ப்பக்கம். வெள்ளைக்காரர் வீடுகளிலும் குஜராத்திகள் வீடுகளிலும் அவள் கூச்சப்படாமல் கேட்டாள். ஒருவர் நாயை அவிழ்த்துவிடுவேன் என்றபோதும் சிரித்துக்கொண்டே "எதிர்ப்பக்கம்" என்று குறித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனவள்.

தமிழ் வீடுகளில் மட்டும் அவள் கேட்டதில்லை.

அங்கே சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போவாள். தேத்தண்ணி வரும், ரோல்ஸ் வரும். பிள்ளைகளின் பரீட்சை, கனடாவில் நடக்கப்போகும் கலியாணம், ஸ்பொன்சர் விசா இழுபட்ட கதை எல்லாம் பேசுவாள். எழும்பும்போது வாசலில் நின்று, "செவ்வாய்க்கிழமையை மறந்திடாதேங்கோ" என்பாள். "மறப்பமே அக்கா" என்பார்கள். காருக்குள் ஏறி உட்கார்ந்து "உறுதியாக நம் பக்கம்" என்று குறிப்பாள். நம்முடைய சனம்தானே, வேறெங்கே போகப்போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

உண்மையான காரணம் அதுவல்ல. கொக்குவிலில் அவள் சிறுமியாக இருந்தபோது ஒரு மாலை நாலைந்து இயக்கப் பெடியன்கள் வந்து படலையைத் தட்டினார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள். "ஐயா, நீங்கள் ஆரின்ர பக்கம்?" அப்பா ஏதோ சொல்லி அனுப்பிவைத்தார். சில மாதம் கழித்து வேறு இயக்கத்துப் பெடியன்கள் வந்து அதே கேள்வியைக் கேட்டார்கள். முதல் வந்தவர்களுக்குச் சரியாக இருந்த பதில் இவர்களுக்குப் பிழையாகிவிட்டது. ஒரு சின்ன விசாரணை என்று அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவருடைய சைக்கிள் சுவரில் சாய்ந்தபடியே கிடந்து துருப்பிடித்தது.

அந்தக் கேள்வியை இன்னொரு தமிழ் வீட்டு வாசலில் நின்று கேட்க அவளுக்கு நா எழவில்லை. இதை டென்னிஸிடம் அவள் சொன்னதில்லை. நிலக்சியிடமும் சொன்னதில்லை.

அந்த வாரமே கிளை கூடியது. தீயணைப்பு நிலையத்தின் மாடி அறையில் பீட்சா பெட்டிகள் திறந்தபடி ஆறிக்கொண்டிருந்தன. சாவீட்டில் பேசுவதுபோல எல்லோரும் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள், பிறகு திடீரென்று ஒருவரையொருவர் வெட்டிப் பேசினார்கள். வேட்பாளர் பிழை என்றார் ஒருவர். முட்டை விலை என்றார் இன்னொருவர். கட்சி உழைக்கிறவர்களை மறந்துவிட்டது என்று ஒரு குழாய்த் தொழிலாளி சொன்னபோது, நீங்கள் மறக்கவில்லையா என்று ஒரு பெண் அவரைத் திருப்பிக் கேட்டாள். நாடு முழுக்கத் தோற்று மாநிலத்தில் மட்டும் வென்றிருக்கிறோம், இதையா வெற்றி என்பது என்று பின்வரிசையில் ஒருவர் முனகினார்.

டென்னிஸ் கடைசியாகத் தெருக்களின் கணக்குக்கு வந்தார். திரையில் ராஜராணியின் தெருக்கள் எதிர்க்கட்சியின் நிறத்துக்கு மாறிக் கிடந்தன.

"ராணி, உங்கள் பக்கம்தான் எனக்குப் புரியவில்லை. எல்லா வீடும் உறுதி என்று இருந்ததே? அந்த நம்பிக்கையில் நாங்கள் அங்கே வேறு யாரையும் அனுப்பவில்லை."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் கோபமில்லை. அதனாலேயே தாங்க முடியவில்லை.

அடுத்த ஆண்டு ஆளுநர் தேர்தல். ஆளும் குறைவு, காசும் குறைவு. பயனில்லாத தெருக்களைக் கைவிட்டுவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. துண்டறிக்கையும் வேண்டாம், ஆட்களும் வேண்டாம். அடுத்த கூட்டத்தில் முடிவு எடுப்பதாக டென்னிஸ் சொன்னார்.

"பொறுங்கள்" என்றாள் ராஜராணி. "நான் போய்க் கேட்டு வருகிறேன். என்ன நடந்ததென்று தெரியாமல் அந்தச் சனத்தைக் கைவிடாதீர்கள்."

வாக்குக் கொடுத்துவிட்டாள். இனிமேல் கேட்டாக வேண்டும்.

முதலில் கஜமுகனின் வீட்டுக்குப் போனாள். உடன்பிறவாத தம்பிபோல இருந்தவன். பெற்றோல் ஸ்டேஷன் ஒன்றை எடுத்து நடத்துகிறான். முல்லைத்தீவுக்காரன், கடைசி யுத்தத்தில் தாயையும் தங்கையையும் பறிகொடுத்தவன். அவன் மனைவி லக்சனா கதவைத் திறந்ததும், "சப்பாத்தைக் கழட்டாதேங்கோ அக்கா, நிலம் ஐஸ் மாதிரிக் கிடக்கு" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போடப் போனாள். ராஜராணி கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனாள்.

"கஜன், ஒரு விசயம் கேக்க வேணும்."

"பெற்றோல் விலையை மட்டும் கேக்காதேங்கோ, அடிப்பன்."

"நீ ஆருக்குப் புள்ளடி போட்டனீ?"

அவன் சிரித்தான். பிறகு அவள் சிரிக்கவில்லை என்பதைக் கண்டான்.

"உங்கட ஆளுக்கு எண்டு சொன்னா நம்புவியளோ?"

"நம்புவன்."

"நம்பாதேங்கோ."

"அப்ப மற்ற ஆளுக்கோ?"

"அந்தாளுக்கும் இல்லை. சீட்டில கீழ உள்ளவைக்கெல்லாம் போட்டனான். ஜனாதிபதிக்கு மட்டும் ஒருத்தருக்கும் போடாம விட்டிட்டன்."

"ஏன்ரா?"

கஜமுகன் மேசையிலிருந்த போனைக் குப்புறத் திருப்பி வைத்தான்.

"ஒவ்வொரு நாளும் இதுக்குள்ள பாக்கிறன் அக்கா. ஆசுப்பத்திரிக்கு மேல குண்டு விழுது. கூடாரத்துக்கு மேல விழுது. அங்க போ எண்டு சொல்லிப்போட்டு, போன இடத்திலயும் அடிக்கிறாங்கள். எங்களுக்கு நடந்தது அப்பிடியே திரும்ப நடக்குது. அதுக்குக் குண்டு குடுத்த ஆக்களுக்கு நான் எந்தக் கையால புள்ளடி போடுறது?"

"மற்றாள் வந்தா நிப்பாட்டிப்போடுவாரோ?"

"மாட்டார். அதுதானே அவருக்கும் போடேல்லை."

"இதை எனக்கு முந்தியே சொல்லியிருக்கலாமே."

"நீங்கள் எங்க கேட்டனீங்கள்?" அவன் குரல் உயரவில்லை. "இந்த வருசம் மட்டும் எத்தினை தரம் வந்தனீங்கள்? ரோல்ஸ் சாப்பிட்டனீங்கள். நிலக்சிக்கு இன்ரேண்ஷிப் கிடைச்சதைச் சொன்னனீங்கள். இண்டைக்குக் கேப்பா, இண்டைக்குக் கேப்பா எண்டு பாத்துக்கொண்டே இருந்தனான். கேட்டிருந்தா, போய் உங்கட பெரியாக்களிட்டச் சொல்லுங்கோ, இஞ்ச ஒருத்தன் இப்பிடி இருக்கிறான் எண்டு சொல்லுங்கோ எண்டு சொல்லியிருப்பன். எங்களை எண்ணி முடிச்சிட்டுத்தானே வந்தனீங்கள்?"

அப்பாவின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. தாயையும் தங்கையையும் இழந்தவன் முன்னால் அதை ஒரு சாட்டாக வைக்க மனம் வரவில்லை.

லக்சனா தட்டோடு வந்து நின்றாள். எவ்வளவு நேரம் அங்கே நின்றிருந்தாளோ தெரியாது.

"அக்கா, தேர்தல்தான் முடிஞ்சுதே. இப்ப ஏன் கேக்கிறியள்?"

"கூட்டத்தில சொல்ல வேணும் லக்சனா."

"ஆருக்கு?" தட்டு மேசைக்கு வரவில்லை, அவள் கையிலேயே இருந்தது. "எங்கட பேரோடயோ?"

"சீச்சி, பேர் சொல்லமாட்டன்."

"என்ர தம்பியின்ர அசைலம் கேஸ் இன்னும் முடியேல்லை எண்டு உங்களுக்குத் தெரியும். தை மாதம் புது அரசாங்கத்து ஆக்கள் வரப்போறாங்கள். எந்த வீட்டில ஆர் என்ன நினைக்கினம் எண்டு இப்ப கேட்டுக்கொண்டு திரிஞ்சா நாங்கள் என்ன நினைக்கிறது?"

"என்னை உனக்குத் தெரியாதே? பேர் வெளியில போகாது."

"வந்து கேட்ட எல்லாரும் அப்பிடித்தான் அக்கா சொன்னவை."

கஜமுகன் "விடும் லக்சனா" என்றான். அவள் விட்டுவிட்டாள். தட்டைத் திரும்ப அடுப்படிக்கே கொண்டுபோனாள். அந்த வீட்டில் ராஜராணி தேத்தண்ணி குடிக்காமல் எழும்பியது அன்றுதான்.

அடுத்த கூட்டத்தில் பாதிப் பேர்தான் வந்திருந்தார்கள். பீட்சாவும் இல்லை. ராஜராணி எழுந்து நின்று, ஒரு வீட்டில் வாக்குச்சீட்டில் ஜனாதிபதிக்கான மேல் வரிசையை வெறுமையாக விட்டார்கள் என்று சொன்னாள். ஏன் என்றும் சொன்னாள். பெயர் சொல்லவில்லை, தெருவும் சொல்லவில்லை.

"வெறுமையாக விட்டார்களா?" முன்வரிசைப் பெண் கேட்டாள். போன கூட்டத்தில் அழுதவள். "அப்படியானால் இனி வருவதை அவர்களே அனுபவிக்கட்டும். முதலில் பிடித்துக்கொண்டு போகப்போவது அவர்கள் ஆட்களைத்தானே."

ஒருவரும் அதை மறுக்கவில்லை. ஒன்றிரண்டு தலைகள் ஆடின.

"பிழை அவர்களுடையது இல்லை" என்றாள் ராஜராணி. "நான் அவர்களிடம் கேட்டதே இல்லை. அங்கே 'உறுதி' என்று இருந்த குறியெல்லாம் நானாகப் போட்டது."

டென்னிஸ் கண்ணாடியைக் கழற்றினார். "கேட்காமலா? ஏன் ராணி?"

கொக்குவில் படலையை அந்த அறைக்குள் எப்படிக் கொண்டுவருவது என்று அவளுக்குத் தெரியவில்லை. "எங்கள் ஆட்களிடம் அதைக் கேட்பது முறையில்லை" என்று மட்டும் சொன்னாள். பின்வரிசையில் ஒருவர், அது அவர்கள் பண்பாடு போல என்று பக்கத்திலிருப்பவருக்குப் பரிவோடு விளக்கினார். அந்தப் பரிவோடு பேச்சு முடிந்துபோனது. குண்டைப் பற்றியும் கூடாரத்தைப் பற்றியும் அவள் சொன்னதை எவரும் மறுபடி எடுக்கவில்லை. கட்சிக்குப் புதிய முழக்கம் ஒன்று வேண்டும் என்பதில் எல்லோரும் ஒத்துப்போனார்கள்.

தெருக்களைக் கைவிடுவதற்குக் கைகள் உயர்ந்தன. எதிர்த்து அவள் கை மட்டும்தான். படியிறங்கும்போது டென்னிஸ் அவள் தோளைத் தொட்டு, "நானும் களைத்துவிட்டேன் ராணி" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

கதவைத் திறந்த நகுலேஸ்வரன் அவள் முகத்தைப் பார்த்தார்.

"பதவி போச்சோ?"

"பதவி இருக்கு. தெருத்தான் இல்லை."

அவர் அதற்குப் பகிடி விடவில்லை. அவளுடைய கோட்டை வாங்கிக் கொழுவினார்.

சனிக்கிழமை அவள் செயலியைத் திறக்காமலே புறப்பட்டாள். தோற்றவர்களின் தேர்தல் பலகைகள் எல்லாம் குப்பைக்குப் போயிருந்தன, வென்றவர்களின் பலகைகள் புல்லில் இன்னும் நின்றன. கஜமுகனின் வான் வாசலில் நின்றது. மணியை அழுத்தினாள். லக்சனா கதவைப் பாதி திறந்தாள்.

"அவர் இல்லை அக்கா."

கதவிடுக்கில் அவனுடைய வேலைச் சப்பாத்துகள் தெரிந்தன.

"நான் ஒண்டும் கேக்க வரேல்லை, பிள்ளை."

"தெரியும் அக்கா" என்றாள் லக்சனா. குரலில் வெறுப்பில்லை. உள்ளே வரச் சொல்லவும் இல்லை. "குளிருது. நீங்கள் வீட்டை போங்கோ." கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

ராஜராணி நடைபாதைக்கு வந்தாள். கார் தெருமுனையில் நின்றது. வீட்டுக்குப் போயிருக்கலாம், இனி இந்தத் தெருவுக்கு வரும்படி எவரும் அவளிடம் கேட்கப்போவதில்லை. பக்கத்து வீடும் தமிழ் வீடுதான். போன வருஷம் குடிவந்தவர்கள், வவுனியாப் பக்கம். அந்த வீட்டிலும் ரோல்ஸ் சாப்பிட்டிருக்கிறாள், காருக்குள் வந்து "உறுதி" என்று குறித்திருக்கிறாள். இப்போது குறிப்பதற்கு ஒன்றுமில்லை. சொன்னால் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கும் இடமில்லை. இருந்தும் அவர்கள் சொல்வதை ஒருவராவது கேட்டிருக்க வேண்டும் என்று பட்டது. படியேறி மணியை அழுத்தினாள்.

உள்ளே காலடிச் சத்தம் கேட்டது. கதவுக்கு மிக அருகில் வந்து நின்றுவிட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. பார்வைத் துவாரத்தின் வெளிச்சம் மறைந்தது. கதவுக்கு அந்தப் பக்கத்தில் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறார்கள்.

அப்படி நிற்பது எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். பல வருஷத்துக்கு முன் கொக்குவிலில் அம்மாவின் சேலைக்குப் பின்னால் அவளும் அப்படி நின்றிருக்கிறாள்.

அவள் மணியை மறுபடி அழுத்தவில்லை. படிகளில் ஒவ்வொன்றாகப் பின்னோக்கி இறங்கினாள். முகம் முழுதும் தெரிய வேண்டும் என்று தொப்பியைக் கழற்றினாள். கோட்டுப் பைக்குள்ளிருந்து இரண்டு கைகளையும் வெளியே எடுத்து, வெறுமையாக இருக்கின்றன என்று தெரியும்படி விரித்து வைத்துக்கொண்டு, அந்தக் குளிருக்குள் காத்து நின்றாள்.